விசா வந்தாச்சு, தங்கும் அனுமதி?

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கமிருந்து வெளிநாடு போகிறவர்கள் ஆவணங்களோடு என்னிடம் வருவது பெரும்பாலும் விசா கிடைத்த பிறகுதான். "எல்லாம் முடிஞ்சுது சார், டிக்கெட் போட்டாச்சு" என்பார்கள். முடியவில்லை. விசா உள்ளே நுழைவதற்கு. சட்டப்படி அங்கே குடியிருக்க, பல நாடுகளில் போய் இறங்கிய பிறகு தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதற்குக் கெடுவும் உண்டு.

இத்தாலியில் நீண்ட காலம் தங்கப் போகிறவர், இறங்கிய 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் தபால் நிலையம் வழியாகத்தான். அங்கே தரும் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், அனுமதி அட்டை வரும்வரை அதுதான் ஆதாரம். ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் கேட்பார்கள். நண்பன் அறையில் ஒண்டிக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அப்புறம், விசா முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம். அமீரகத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். ஆனால் வழக்கமான ரெசிடென்ஸ் விசாவில் இருப்பவர் தங்கை கல்யாணம், வீடு கட்டுவது என்று ஊரில் 6 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் அது செல்லாமல் போகலாம்.

ஆனால் நான் பார்க்கும் சிக்கல்களில் பாதி அங்கே தொடங்குவதில்லை. நம் இனிஷியலில் தொடங்குகிறது. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், திருமணப் பதிவில் கணவரின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில். நமக்கு மூன்றும் ஒரே ஆள். அந்த ஊர் அலுவலருக்கு மூன்று பேர். மனைவி, குழந்தைகளைக் கூட்டிப் போகும்போது இது இன்னும் முற்றும்.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, டான்டீ என்ற தமிழக அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களில் கூடுதல் தொல்லை. அப்பா பெயர் இலங்கைத் தாளில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவே இல்லாமலும் இருக்கும். குடியுரிமைக்காக ஒரு தலைமுறையே அலைந்த வீட்டில் பேரனும் தாளைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் விட்டுப்போன பிறப்பைப் பதிய கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் விசா யோசனை வந்த உடனே தொடங்கிவிடுங்கள்.

சிலர் அவசரத்தில் முதலில் அபோஸ்டில், அதாவது நம் ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்கான சான்று, வாங்கிவிடுகிறார்கள். அந்தச் சான்று, ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டுமே சொல்லும். உள்ளே பெயர் சரியா என்று பார்க்காது. பெயரைத் திருத்தியபின் மறுபடி காசு கட்டி வாங்க வேண்டும், மொழிபெயர்ப்பும் புதிதாக. அமீரகம் அபோஸ்டில் உடன்படிக்கையில் இல்லாததால், அங்கே போகிறவர்களுக்குத் தூதரகச் சான்றொப்பமும் தேவை. எனவே பெயர்த் திருத்தம் முதலில், சான்றொப்பம் அதற்குப் பிறகு, டிக்கெட் கடைசியில்.