எழுத்து வரிசைக்குள் சுருள் எங்கே?

ஒரு புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அமிலத்துக்கு ஓர் எழுத்து என்று அதன் வரிசையைப் படித்தெடுப்பது இன்று பெரிய வேலையில்லை. அந்தச் சங்கிலி எங்கே ஆல்ஃபா சுருளாகச் சுற்றும், எங்கே பீட்டா இழையாக நீளும் என்று வரிசையை மட்டும் வைத்துச் சொல்வதுதான் சிக்கல்.

1974-ல் பீட்டர் சௌவும் ஜெரால்ட் ஃபாஸ்மனும் செய்தது ஒருவகைக் கணக்கெடுப்பு. அமைப்பு தெரிந்த 15 புரதங்களில் எந்த அமிலம் சுருளில் அதிகம் வருகிறது, எது இழையில் என்று எண்ணினார்கள். சராசரி அளவில் வந்தால் மதிப்பு 1; அதற்கு மேல் போனால் அந்த அமிலம் அந்த வடிவத்தை விரும்புகிறது என்று பொருள். பிறகு விரிவாக்கிய அட்டவணையில் சுருளுக்குக் குளூட்டமேட் 1.51, அலனின் 1.42, புரோலினுக்கு வெறும் 0.57. காரணம் இருக்கிறது. சுருளில் ஒவ்வொரு நைட்ரஜனும் தன் ஹைட்ரஜன் வழியாக நான்கு இடம் தள்ளியுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. சங்கிலியில் கோத்த புரோலினின் நைட்ரஜனில் அந்த ஹைட்ரஜனே கிடையாது.

விதி எளிது: அடுத்தடுத்த ஆறில் நான்கு சுருளை விரும்பினால் அங்கே சுருள் தொடங்கலாம். அலனின், குளூட்டமேட், லூசின், செரின், மெத்தியோனின், கிளைசின் என்று வந்தால் செரினும் கிளைசினும் போக நான்கு தேறும். சரி, சுருள்தான் என்று எழுதிவிட்டு இருபுறமும் நீட்டிப் பார்ப்பார்கள். ஆனால் இந்த முறையின் துல்லியம் 50-60 சதவீதத்தைத் தாண்டவில்லை.

தாண்டாததில் வியப்பில்லை. 1996-ல் மைனர், கிம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரே 11 அமிலத் துண்டை ஒரு சிறு புரதத்தின் இரண்டு இடங்களில் தனித்தனியாகப் பொருத்தினார்கள். ஓரிடத்தில் சுருளானது, மற்றதில் இழையானது! அக்கம்பக்கம் மட்டும் பார்த்துக் கணிக்கும் எந்த முறையும் இங்கே திணறும்.

உண்மையான பாய்ச்சல் அதற்கு முன்பே, 1993-ல், ராஸ்ட், சாண்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரிடமிருந்து வந்தது. ஒரு வரிசைக்குப் பதில், பரிணாமத்தில் உறவான பல புரத வரிசைகளை இடத்துக்கு இடம் பொருந்த ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் கணினி நிரலான நரம்பியல் வலையமைப்புக்குக் கொடுத்தார்கள். துல்லியம் 70 சதவீதத்தைக் கடந்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆல்ஃபா சுருளின் ஒரு சுற்றுக்கு 3.6 அமிலங்கள். ஆகவே மூன்று நான்கு இடத்துக்கு ஒருமுறை உறவான எல்லாப் புரதங்களிலும் நீர்விலக்கும் அமிலமே மாறாமல் வந்தால், சுருளின் ஒரு பக்கம் புரதத்தின் உள்ளே பதிந்திருக்கிறது எனலாம். ஒன்றுவிட்டு ஒன்று வந்தால் இழை. ஒற்றை வரிசையில் இது இரைச்சலில் மறைந்துவிடும்.

அப்புறம் வந்த முறைகள் 80 சதவீதத்தையும் தாண்டிவிட்டன. நூறை மட்டும் எதிர்பார்க்க முடியாது. முழு அமைப்பும் கையில் இருக்கும்போதுகூட, சுருள் எந்த அமிலத்தோடு முடிகிறது என்பதில் அதைக் குறித்துத் தரும் நிரல்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.