தாடை எலும்பு அழுகுவதில்லை, சாகிறது

பல் பிடுங்கி, மேலே ஈறு மூடி ஆறியது போலத் தெரிந்தும், உள்ளே தாடை எலும்பின் ஒரு பகுதி உயிரிழந்து கிடப்பது உண்டு. மருத்துவர்கள் இதை ஆஸ்டியோநெக்ரோசிஸ் என்பார்கள். தமிழில் இதற்கு எங்கே பார்த்தாலும் ‘தாடை எலும்பு அழுகல்’ என்றே எழுதுகிறார்கள். மருந்து விளக்கத்தாள், உடல்நலக் கட்டுரை, யூடியூப் காணொளி எல்லாவற்றிலும் அதே அழுகல். இது தவறான சொல். நோயாளியைத் தவறான முடிவுக்குத் தள்ளவும் கூடிய சொல்.

கிரேக்கத்தில் ஆஸ்டியோன் எலும்பு, நெக்ரோஸ் பிணம். எலும்பு செத்துப்போதல், அவ்வளவுதான் பொருள். அழுகலுக்கு அந்த மொழியில் வேறு சொல் உண்டு. இன்று நாம் கேள்விப்படும் ‘செப்சிஸ்’ அதிலிருந்து வந்தது.

அழுகுவது என்றால் தமிழனுக்கு என்ன புரியும்? குழைந்துபோகும், நாறும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். செத்த எலும்பு அப்படி இல்லை. ரத்த ஓட்டம் நின்று எலும்புக்குள் இருக்கும் உயிரணுக்கள் மடிந்தபின்னும் சுண்ணாம்புச் சத்து அங்கேயே இருக்கும். எலும்பு கெட்டியாகவே கிடக்கும். அறுவை செய்பவர் அதைச் சுரண்டிக்கொண்டே போய், ரத்தம் கசியத் தொடங்கும் இடத்தைத் தேடுவார். கசியும் இடம்தான் உயிருள்ள எலும்பின் எல்லை. பின்னால் கிருமி குடியேறிச் சீழ் வைப்பதும் வாடை வீசுவதும் உண்டுதான். அது செத்த எலும்பின் மேல் வந்து சேரும் தொற்று. அதன் பெயரை மூல நோய்க்குச் சூட்டக் கூடாது.

இந்தக் குழப்பத்துக்கு ‘அழற்சி’யும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பல் பிடுங்கிய குழியில் ரத்தக்கட்டி கரைந்தோ கழன்றோ போனால், சில நாளில் காதுவரை இழுக்கும் வலி வரும். உலர் குழி என்கிற இந்த நிலைக்கு மருத்துவப் பெயர் எலும்பு அழற்சி என்ற பொருளில்தான் அமைந்திருக்கிறது. அழற்சி ‘அழல்’ என்ற தீயிலிருந்து பிறந்த சொல். அழுகலுக்கும் அதற்கும் உறவில்லை. குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய்ச் சத்து கலந்த மருந்தை வைத்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். இதையும் ‘எலும்பு அழுகல்’ என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒன்றைப் படித்துவிட்டு என் அத்தை, “அழுகினா மத்த பல்லுக்கும் பரவுமே, எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லட்டுமாடா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அழுகியதை வெட்டி எறி என்பது நம் மொழிக்குள்ளேயே இருக்கிற அறிவுரை.

உண்மையான எலும்பு இறப்பிலோ அவசரப்பட்டு வெட்டுவது எப்போதும் நல்லதல்ல. எலும்புப்புரைக்கும் (ஆஸ்டியோபொரோசிஸ்) எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் தரும் சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்துகளால் இது வரலாம் என்பது 2003க்குப் பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் அந்த ஆண்டு எழுதிய குறிப்பு முக்கியமானது. இந்த மருந்து எடுத்தவருக்கு, தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறாத நிலையில், 8 வாரத்துக்கு மேல் தாடை எலும்பு வெளியே தெரிந்தால் நோய் உறுதி என்று வரையறை வைத்திருக்கிறார்கள். எலும்பே தெரியாமல் வலியும் பல்லாட்டமும் மட்டும் இருக்கும் நிலைக்கு ‘பூஜ்ய நிலை’ என்று பெயர். தொடக்கத்தில் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியால் கொப்பளிப்பு, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக். செத்த துண்டு தளர்ந்து பிரிந்தால் எடுப்பது. முற்றினால் பெரிய அறுவை.

அடுத்தது ‘கேவிட்டேஷன்’. இதைச் சிலர் ‘பல்குழி’ என்று பெயர்க்கிறார்கள். கேட்பவர் சொத்தைப் பல் என்றே நினைப்பார். சொல்ல வந்தது தாடை எலும்புக்குள் மூடிக் கிடக்கும் பொள்ளல். முகநரம்பு வலிக்கு இது ஒரு காரணம் என்று 1992இல் புக்கோ என்ற நோயியல் அறிஞர் குழுவினர் எழுதினார்கள். பல் மருத்துவ உலகம் அதை இன்னும் முழுதாக ஏற்கவில்லை. அமெரிக்க வேர்சிகிச்சை மருத்துவர் சங்கம் அந்தக் காரணம் காட்டி வேர்சிகிச்சை செய்த பல்லைப் பிடுங்க வேண்டாம் என்கிறது. சர்ச்சையில் இருப்பதை ‘உங்கள் தாடை அழுகுகிறது’ என்று விளம்பரம் செய்தால் பயந்தே பல்லைக் கொடுத்துவிடுவார்கள். மொழிபெயர்ப்பவர் அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்து வைக்காமல், படிப்பவர் அதை வைத்து என்ன செய்வார் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

இந்தப் பொள்ளலுக்குப் ‘புரை’ என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். புரையோடிய புண் என்கிறோமே, மேலே ஆறி உள்ளே துளைத்துப் போவது, அச்சொட்டாக இதுதான். ஆனால் எலும்புப்புரை வேறு நோய்க்கு நிலைத்துவிட்டது. அதனால் ‘தாடைப் பொள்ளல்’ என்றே வைக்கலாம்.

ஆஸ்டியோநெக்ரோசிஸுக்குப் புத்தகத்தில் ‘எலும்பு இறப்பு’ போதும். ‘எலும்பு நசிவு’ என்பாரும் உண்டு. நசிவு என்றால் நலிவு, தேய்வு என்றுதான் முதலில் தோன்றும், அதனால் எனக்கு ஒப்புதல் இல்லை. நோயாளியிடம் பேசும்போது இன்னும் நல்ல சொல் இருக்கிறது: ‘பட்டுப்போன எலும்பு’. நீர் ஏறாமல் நின்றபடியே உயிர்விட்ட மரத்தைப் பட்ட மரம் என்கிறோம். படுதல் என்றால் சாதல். நடுகற்களில் போரில் மாண்டவனைப் ‘பட்டான்’ என்றே பொறித்திருக்கிறார்கள். ரத்தம் ஏறாமல் இருந்த இடத்திலேயே செத்த எலும்புக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று எனக்குத் தெரியவில்லை. “எலும்புக்கு ஊசி போட்டிருக்கீங்களா? போட்டிருந்தா பல் எடுக்குறதுக்கு முன்னாடியே சொல்லுங்க, எலும்பு பட்டுப்போக வாய்ப்பு இருக்கு” என்று ஒரு மருத்துவர் சொன்னால் கிராமத்துப் பாட்டிக்கும் புரியும்.