முட்டையோட்டைத் திருப்பிப் பாருங்கள்

இந்த வசந்தத்தில் எனக்கு வந்த ஐந்தாவது புகைப்படம் அது. கருகிய பைன் ஊசிகளுக்கு நடுவே புகை படிந்த ஏழெட்டு வான்கோழி முட்டையோடுகள். கீழே, "காட்டை எரிக்கச் சொன்னீர்களே, பலனைப் பாருங்கள்" என்று ஒரு வரி. அனுப்பியவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துத் தென்மேற்கில் சில நூறு ஏக்கர் பைன் காடு வைத்திருப்பவர், காட்டு வான்கோழிகள் மீது உண்மையான அக்கறை உள்ளவர். பைன் காடு செழிக்கச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவாகத் தீ வைக்க வேண்டும் என்று நான் சொல்லிவருகிறேன்; அவரோ இனித் தம் நிலத்தில் தீ வைப்பதில்லை என்று முடிவும் செய்துவிட்டார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓடுகளின் அகன்ற முனை மூடி திறந்தாற்போல வட்டமாகவும் சீராகவும் பிளந்திருந்தது. குஞ்சு உள்ளிருந்து கொத்தி வெளிவந்த முட்டைதான் அப்படி இருக்கும். ரக்கூன் (பூனையளவுள்ள இரவு விலங்கு) தின்ற முட்டை நொறுங்கிக் கிடக்கும். குஞ்சுகள் பொரித்துத் தாயின் பின்னால் கிளம்பிப் போன பிறகுதான் அங்கே தீ வந்திருக்கிறது.

என் முதுகலை ஆய்வே இதைப் பற்றியதுதான். நீண்ட ஊசியிலை கொண்ட லாங்லீஃப் பைன் காடுகளை மீட்கும்போது வான்கோழிகள் என்ன செய்கின்றன என்பதை அறிய, பெட்டைகளை வலையில் பிடித்து, முதுகில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி, அவை எங்கே முட்டையிடுகின்றன, குஞ்சுகளை எங்கே மேய்க்கின்றன என்று பின்தொடர்ந்தேன். (அடைகாக்கும் பெட்டையின் அருகே ஆய்வாளர்களாகிய நாங்களே போவதில்லை, அது கூட்டை விட்டு நீங்கிய பின்னரே ஓடுகளை எண்ணுவோம்.) அன்றிலிருந்து இன்றுவரை நான் திரும்பத் திரும்ப எதிர்கொள்ளும் பிழையான எண்ணம் ஒன்றே: காடு என்றால் அடர்ந்திருக்க வேண்டும், மீட்பு என்றால் மரம் நடுவது, தீ என்றால் அழிவு.

வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் வரை ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரவியிருந்த லாங்லீஃப் காடு, 3 விழுக்காடு அளவுக்குச் சுருங்கியதற்குக் கோடரி மட்டுமே காரணமன்று. மின்னலும் பூர்வகுடி மக்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மூட்டிய தீயைப் பிற்காலத்தவர் நிறுத்தியதும் காரணம். இந்தப் பைனின் நாற்று முதல் சில ஆண்டுகள் புல் கொத்தைப் போலத் தரையோடு அமர்ந்து, நடுக்குருத்தை ஊசியிலைகளால் மூடித் தீயைத் தாங்கும்படி அமைந்தது. தீ வராவிட்டால் சுவீட்கம் போன்ற அகன்ற இலை மரங்கள் அடியில் நெருங்கி முளைத்து, நிழல் கவிந்து, புல் செத்துவிடும். இதே தென்ஜார்ஜியப் பகுதியில் காடைகளை ஆராய்ந்த ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் 1931-இலேயே தீயின் தேவையை எழுதிவிட்டார். ஆனால் காட்டுத்தீயைத் தடுக்கச் சொல்லி 1944-இல் வந்த ஸ்மோக்கி கரடிப் பிரசாரம்தான் மக்கள் மனத்தில் பதிந்தது.

வான்கோழிக் குஞ்சு முதல் இரண்டு வாரங்கள் சரியாகப் பறக்காது. தரையிலேயே தாயின் இறகுக்குள் உறங்கும். பூச்சி தின்று வளரும். அதற்கு வேண்டியது, குஞ்சு மறையும்படியும் தாய் தலை நீட்டி நோட்டமிடும்படியும் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த புல்லும் செடியும். எரிந்த நிலம் அதைத்தான் தருகிறது. எரித்து மூன்றே வாரமான ஓர் இடத்தில், சாம்பலுக்கு மேலே விரலளவு முளைத்த பசும்புல்லில் ஒரு பெட்டை வெட்டுக்கிளிகளைக் கொத்திக்கொண்டிருந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முட்டையிடுவதற்கோ, அந்த ஆண்டு எரிந்து வெறுமையான தரையைப் பெட்டைகள் பெரும்பாலும் ஒதுக்கி, மறைவுள்ள இடத்தையே தேடுகின்றன. சில கூடுகள் எரிவது உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் கூடுகளில் பாதிக்கும் மேல் தோற்பதற்குப் பெருங்காரணம் ரக்கூன், பாம்பு, காகம் முதலியவையே. தொடக்கத்திலேயே கூட்டை இழந்த பெட்டை பல நேரங்களில் மறுபடியும் முட்டையிடும். அடர்ந்து மூடிப்போன காட்டில் குஞ்சு வளர்க்க அதற்கு இடமே இருக்காது.

எங்கள் தரப்பிலும் தவறு உண்டு. ஹெலிகாப்டரிலிருந்து தீமூட்டி ஒரே நாளில் ஆயிரக்கணக்கான ஏக்கரை எரித்தால், நடுப்பகுதிக்குள் பெட்டை எளிதில் நுழையாது. ஓரத்தையே ஒட்டித் திரியும். பைன் மட்டுமே மிஞ்ச வேண்டும் என்று ஓக் மரங்களை முழுதும் வெட்டுபவர்கள், வான்கோழி தின்னும் ஏகோர்ன் எனும் ஓக் கொட்டைகளையும் இரவில் அடைய ஏற்ற கிளைகளையும் சேர்த்தே வெட்டுகிறார்கள்.

ஆகவே நில உரிமையாளர்களே, எரிப்பதை நிறுத்தாதீர்கள்; நிலத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கொன்றாக எரியுங்கள். ஜார்ஜியா வனவியல் ஆணையத்தின் அனுமதியும் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லாமல் தீக்குச்சியைத் தொடவே கூடாது. வான்கோழிக்கு இரையாக மக்காச்சோளத்தைக் குவித்து வைக்காதீர்கள்: பூஞ்சை பிடித்த சோளத்திலுள்ள அஃப்ளாடாக்சின் பறவைக்கு நஞ்சு, ரக்கூன்களுக்கோ நீங்கள் விருந்து வைக்கிறீர்கள். பண்ணையில் வளர்த்த வான்கோழிகளை வாங்கிக் காட்டில் விடாதீர்கள். பல பத்தாண்டுகள் அப்படிச் செய்து தோற்ற பிறகே, 1951 முதல் பீரங்கி வலையால் (வெடிவிசையில் பறவைகள் மீது பாயும் வலை) காட்டுப் பறவைகளைப் பிடித்து வேறிடங்களில் விட்டு இந்த இனத்தை மீட்டார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை காட்டில் நடக்கும் அன்பர்கள் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். தனியாகத் தெரியும் குஞ்சு அநாதையன்று. தாய் பக்கத்துப் புல்லில் உங்களைப் பார்த்து அஞ்சி நிற்கிறது, தயவுசெய்து விலகிப் போங்கள்.

அந்த நண்பருக்கு அவருடைய படத்தையே, ஓடுகளின் முனையில் சிவப்பு வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன். அவர் இன்னும் பதில் போடவில்லை. ஆறாவது படத்தை எடுக்கப்போகிறவரிடம் ஒரு வேண்டுகோள்: கூட்டில் பறவை இல்லை என்பது உறுதியானால், முட்டையோட்டை ஒரு குச்சியால் திருப்பி, அதன் அகன்ற முனையையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புங்கள்.