கொடியை எடுத்துவிட்டால் அரசியல் போய்விடாது

இந்த டெர்மில் மாணவர்களிடமிருந்து இப்படி வந்த நான்காவது கட்டுரை இது. ஜெர்மன் இசையமைப்பாளர் ஹான்ஸ் வெர்னர் ஹென்ஸே, பிரெஞ்சு ஓவியர் ழெரிக்கோவின் ஓவியத்தின் பெயரிலேயே கொயருக்கு (பாடகர் குழுவுக்கு) எழுதிய இசைப்படைப்பான 'மெடூசாவின் தெப்பம்' பற்றி எழுதச் சொன்னால், "ஓவியத்தில் உள்ள கடலின் சோகத்தை இசையாக்கியிருக்கிறார். மேடையில் கட்டிய சிவப்புக் கொடிதான் அரசியல்" என்று எழுதி வருகிறார்கள். பல வருடமாக இசை ரசனை வகுப்பு எடுக்கிறேன். இந்த ஒரு வரியைத் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது.

முதலில் ஓவியம். 1816 ஜூலையில் மெடூசா என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் தரைதட்டியது. இருபது வருடத்துக்கு மேல் கப்பல் நடத்தாத ஒருவரை, அரசருக்கு வேண்டியவர் என்பதற்காகக் கேப்டனாக்கியிருந்தார்கள். அதிகாரிகள் படகில் ஏறிக்கொள்ள, ஏறக்குறைய 147 பேரைத் தெப்பத்தில் விட்டார்கள். இழுத்துப்போக வேண்டிய படகுகள் கயிற்றை விட்டுவிட்டன. 13 நாள் கழித்து உயிரோடு மீண்டது 15 பேர். 1819இல் ழெரிக்கோ இதைப் பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது தலைப்பு வெறும் 'கப்பல் விபத்துக் காட்சி'. எந்தக் கப்பல் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. இதையா கடலின் சோகம் என்கிறீர்கள்?

சரி, கொடி. 1968 டிசம்பர் 9, ஹாம்பர்க், இந்த இசையின் முதல் அரங்கேற்றம். சே குவேராவுக்கு அர்ப்பணித்த படைப்பு. மேடையில் அவர் படமும் சிவப்புக் கொடியும் வைக்கப்பட, அதன் கீழ் பாட மாட்டோம் என்றது பெர்லினிலிருந்து வந்த கொயர். போலீஸ் வந்தது, பாடல் வரிகளை எழுதிய எர்ன்ஸ்ட் ஷ்னாபெல் கைதானார், கச்சேரி நின்றது. வானொலியில் ஒத்திகைப் பதிவைத்தான் போட்டார்கள். ரேடியோவில் கொடி தெரியுமா? ஆனால் அரசியல் அதில் முழுசாக இருந்தது. எங்கே என்று சொல்கிறேன்.

கொயர் இரண்டு பக்கம். இடப்பக்கம் உயிரோடு இருப்பவர்கள், ஜெர்மனில் பாடுவார்கள். துணைக்குக் காற்றுக் கருவிகள். மூச்சு இருந்தால்தானே ஊத முடியும். வலப்பக்கம் இறந்தவர்கள், கவிஞர் தாந்தேயின் இத்தாலிய வரிகளோடு. அங்கே தந்திக் கருவிகள். கதை போகப் போக இடப்பக்கத்துக்காரர்கள் வலப்பக்கம் நடந்துபோகிறார்கள். தனிக்குரல் பெற்றவர்களில் ஒருவர் ழான்-ஷார்ல், ஓவியத்தின் உச்சியில் துணியை வீசும் அந்தக் கறுப்பினத்தவர். கேப்டனுக்குத் தனிக்குரலே கிடையாது. யாருக்குக் குரல், யாருக்கு இல்லை என்று முடிவு செய்ததைவிட வேறென்ன அரசியல் வேண்டும்?

போன வாரம் வகுப்பில் செய்து காட்டினேன். 14 பிளாஸ்டிக் நாற்காலி. பெயரைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்கள். முதலில் சிரிப்பு. எட்டாவது ஆள் போனதும் சிரிப்பு நின்றது. கடைசியில் ஒரு பெண் மட்டும் 13 காலி நாற்காலிகளுக்கு நடுவே. "சார், நானும் அங்கே போய்விடட்டுமா?" என்றாள்.

இனி கேட்கப் போகிறவர்களுக்கு. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், இடம் வலம் எல்லாம் ஒன்றாகிவிடும், ஹெட்போன் போடுங்கள். கேட்பதற்கு முன் ஓவியத்தைப் பத்து நிமிடம் பாருங்கள், யார் மேலே, யார் கீழே என்று. கடல் அழகு என்று குறிப்பு எழுதுவதை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. அப்புறம், பாதியில் நிறுத்திவிட்டு வந்து எழுதாதீர்கள். கடைசியில் தாளக்கருவிகளில் ஒரு அடி திரும்பத் திரும்ப வரும். 1968இல் தெருவில் மாணவர்கள் வியட்நாம் தலைவரின் பெயரைச் சொல்லி 'ஹோ, ஹோ, ஹோ சி மின்' என்று கோஷம் போட்ட அதே தாளம்.