கூடாத எலும்பும் காந்தச் சுருளும்

உடைந்த எலும்பு பெரும்பாலும் தானாகவே கூடிவிடும், மாவுக்கட்டு அதை ஆடாமல் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். தொல்லை கொடுப்பது மாதக்கணக்கில் ஆகியும் கூடாமல் அடம்பிடிக்கும் எலும்புதான். முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பு இதில் பேர் போனது, ஏனென்றால் அதன் முன்பக்கத்தில் தசையும் இல்லை, ரத்த ஓட்டமும் குறைவு.

எலும்புக்கும் மின்சாரத்துக்கும் என்ன உறவு? 1957-ல் ஜப்பானில் ஃபுகாடாவும் யசுதாவும் காய்ந்த எலும்பை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் உண்டாவதைக் காட்டினார்கள். உடம்புக்குள் இருக்கும் ஈர எலும்பில், நுண்துளைகள் வழியே உப்புநீர் நகர்வதால் வரும் மின்னழுத்தம்தான் முக்கியம் என்பது அப்புறம் தெரிந்தது. எப்படியோ, நடக்கும்போது எலும்புக்குள் மின்சைகை வருகிறது, கட்டுப் போட்டுப் படுத்தவருக்கு அது வருவதில்லை. சரி, வெளியிலிருந்து கொடுத்தால் என்ன?

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பாசெட் குழு அதைத்தான் முயன்றது. மாவுக்கட்டின் மேலேயே ஒரு கம்பிச் சுருளை வைத்து, அதில் மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக விடுவார்கள். காந்தப்புலம் ஏறி இறங்கும், அந்த மாற்றம் எலும்புக்குள் சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிவோல்ட் அளவில் மின்புலத்தைத் தூண்டும், நம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யும் அதே பாரடே விதிப்படி. இதனால் எலும்பு செல்களில் கால்சியம் சைகைகளும் வளர்ச்சிப் புரதங்களும் அதிகமாவது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. மாற்றம்தான் இங்கே விஷயம், ஆகவே கடையில் விற்கும் காந்த வளையலுக்கு இந்தக் கதையில் இடமில்லை.

கூடாத எலும்புக்கு இதைப் பயன்படுத்த 1979-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. சுருள் ஓடுவது நோயாளிக்குத் தெரியவே தெரியாது, அதனால் போலிக் கருவி கொடுத்துச் சோதிப்பது சுலபம். 1984-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அப்படிச் சோதித்தபோது நிஜக் கருவி வைத்த 9 பேரில் 5 பேருக்கும், போலி வைத்த 7 பேரில் 5 பேருக்கும் எலும்பு கூடியது! காலை ஊன்றாமல் மாதக்கணக்கில் கட்டோடு இருந்ததே பாதி வைத்தியம் போலிருக்கிறது. ஆனால் 1990-ல், கூடுவதற்குத் தாமதமான கால் எலும்புகளில் செய்த சோதனை கருவிக்குச் சாதகமாக வந்தது. புதிதாக உடைந்த கால் எலும்பில், ஆஸ்திரேலியாவில் 259 பேரிடம் பார்த்தும், மறு அறுவை சிகிச்சை குறையவில்லை.

என்னைக் கேட்டால், நேற்று உடைந்த எலும்புக்கு இதில் காசு போட வேண்டாம். பல மாதமாகக் கூடாமல் இழுக்கும் எலும்பு என்றால், கத்தி வைப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். எலும்பு முனைகள் விலகிக் கிடந்தாலோ சீழ் பிடித்திருந்தாலோ சுருளால் ஒன்றும் ஆகாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.