முந்தல்: 'டைமிங் அட்வான்ஸ்' என்பதற்குத் தமிழ்

அட்வான்ஸ் என்றதும் தமிழ்க் காதில் முதலில் விழுவது பணம்தான். பழைய கார் இன்ஜினைக் குடைந்துகொண்டிருப்பவர் 'அட்வான்ஸ் போதவில்லை' என்றால், பக்கத்தில் நிற்பவர் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கக்கூடும். ஆனால் இரண்டிலும் பொருள் ஒன்றே. உரிய வேளை வருமுன் கொடுத்துவிடுவது. இன்ஜினில் கொடுக்கப்படுவது தீப்பொறி.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அழுத்துகிறது. அது உச்சியைத் தொடும் கணத்தில் பொறி விழுந்தால் போதும் என்றுதான் தோன்றும். போதாது. கலவை ஒரே கணத்தில் வெடித்துவிடுவதில்லை, எரிகிறது. தீ ஒரு மூலையில் பற்றி மறுமூலைவரை பரவ நேரம் பிடிக்கிறது. மில்லிவினாடிக் கணக்குதான் என்றாலும் அதற்குள், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு சும்மா நிற்குமா? நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் அது ஒரு மில்லிவினாடியில் 6 பாகை திரும்பிவிடுகிறது. 3000 சுற்றில் 18 பாகை. உச்சியைக் கடந்து ஏறக்குறைய 15 பாகை திரும்பும்போது அழுத்தம் அதிகபட்சமாக இருந்தால்தான் பிஸ்டனுக்கு நல்ல உதை கிடைக்கும். அதனால் பொறியை உச்சிக்கு முன்பே விழவைக்கிறோம். எத்தனை பாகை முன்பே என்பதுதான் டைமிங் அட்வான்ஸ்.

இந்த ஆங்கிலச் சொல் பிரெஞ்சிலிருந்து போனது. அதற்கும் மூலம் 'முன்னிருந்து' என்று பொருள்படும் பிற்கால லத்தீன் சொல்லான 'அபான்தே'. நடுவில் இருக்கும் 'ட்' பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. லத்தீனின் 'அட்' என்ற முன்னொட்டு இதில் இருப்பதாகத் தவறாக எண்ணி, 16ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலேயர் செருகிய எழுத்து அது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'அவான்ஸ்' என்றே சொல்கிறார்கள். இன்ஜினுக்கும் அதே சொல்தான். எதிர்ச்சொல்லான 'ரிட்டார்ட்', மெதுவானது என்று பொருள்படும் 'டார்டுஸ்' வழி வந்தது.

தமிழாக்கத்தில் சறுக்குவது இங்கேதான். அகராதியைப் புரட்டி 'நேர முன்னேற்றம்' என்று எழுதிவிடுவது எளிது. தமிழின் 'முன்' இருமுகம் கொண்டது. முன்னேற்றத்தில் உள்ள 'முன்' எதிரே இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. முன்னோரில் உள்ள 'முன்' கடந்துபோன காலத்தைக் காட்டுகிறது. பொறி எங்கும் முன்னேறுவதில்லை. அது ஸ்பார்க் பிளக் எனும் செருகியின் நுனியிலேயே விழுகிறது. மாறுவது அதன் வேளை மட்டுமே.

எனக்குப் பொருத்தமாகப் படுவது 'முந்தல்'. ரிட்டார்டுக்குப் 'பிந்தல்'. புதிதாக ஆக்கிய சொற்கள் அல்ல. 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்ற பழமொழியில் இணையாகவே நிற்பவை. தொல்காப்பியப் பாயிரத்தின் 'முந்துநூல்' காலத்தால் முந்தியதைத்தானே குறிக்கிறது? ஜெர்மானியரும் இந்த வழியில்தான் போயிருக்கிறார்கள்: ஃப்ரூட்சுண்டுங் என்றால் 'சீக்கிரம் பற்றுதல்', ஷ்பேட்சுண்டுங் என்றால் 'தாமதமாகப் பற்றுதல்'. பின்னதைப் பேச்சுவழக்கில் விஷயம் மெதுவாக உறைக்கும் ஆளைப் பற்றியும் சொல்வதுண்டு. நம்மிடம் மறுபக்கத்து ஆள் இருக்கிறார்: முந்திரிக்கொட்டை.

'முன்பற்றல்' என்ற சொல் மட்டும் இங்கே வேண்டாம். பொறி விழுமுன்பே, சூடேறிய கரித்துணுக்கு போன்ற ஏதோ ஒன்றால் கலவை தானாகப் பற்றிக்கொள்வது வேறொரு கோளாறு. அந்தப் பெயரை அதற்கு விட்டுவைப்பதே முறை.

முந்தலை ஒரு காலத்தில் ஓட்டுநரே கையால் தந்துகொண்டிருந்தார். 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் அதற்கென்றே ஒரு நெம்புகோல் உண்டு. கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்புமுன் பொறியைப் பிந்தவைக்க மறந்தால், இன்ஜின் எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். பின்னாளில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பொறிக்கான மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இந்த வேலை போய்ச் சேர்ந்தது. வேகம் ஏற ஏற வெளியே விரியும் இரண்டு எடைக்கட்டிகள் பொறியை முந்தச் செய்கின்றன. லேசான சுமையில் ஓடும்போது வெற்றிட இழுப்பில் இயங்கும் சவ்வு இன்னும் சில பாகை கூட்டுகிறது.

கையால் வைப்பது தொடக்க முந்தல் மட்டும். முதலில் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தொடுமுனை, அது திறக்கும்போதுதான் பொறி விழுகிறது. இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, கிராங்க் முனையில் உள்ள கப்பியின் வெட்டுக்குறியில் சுண்ணக்கட்டி தேய்த்து, பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்தால், சுழலும் கப்பி உறைந்து நிற்பதுபோல் குறி கண்ணுக்குத் தெரியும். பிடிப்புத் திருகைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம்? முந்தவைக்க வேண்டுமானால், உள்ளே இருக்கும் ரோட்டர் சுழலும் திசைக்கு எதிராக. முதல் தடவை நான் நேர்மாறாகத்தான் திருப்பினேன். இன்ஜின் இருமி அடங்கியது. பாயிண்டைத் திறக்கும் கேம் முகடு வந்து சேரட்டும் என்று காத்திராமல், பாயிண்ட் அதை எதிர்கொண்டு போகிறது என்று நினைத்துக்கொண்டபின் குழப்பம் தீர்ந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், அதை ஒரு பாகை திருப்பினால் கிராங்கில் இரண்டு பாகை மாறும்.

அளவு மீறி முந்தினால் மேடேறும்போது தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குவதுபோல் ஓசை கேட்கும். பிஸ்டனையே ஓட்டையாக்கக்கூடிய ஓசை அது. பிந்தினால் வண்டி இழுக்காது, சூடேறும், பெட்ரோல் குடிக்கும்.

'டிஸ்ட்ரிபியூட்டர்' என்பதைப் 'பகிர்வி' எனலாம், பழகிய பெயரிலேயே விடவும் செய்யலாம். அதில் எனக்குப் பிடிவாதமில்லை. லூக்காஸ் நிறுவனத்தின் பழைய டிஸ்ட்ரிபியூட்டர்கள் சிலவற்றில் நுண்ணளவாகத் திருப்ப ஒரு சிறு குமிழும், அதற்கு இருபுறமும் 'ஏ', 'ஆர்' என்ற எழுத்துகளும் உண்டு. தமிழில் பொறிப்பதானால் 'மு', 'பி' போதும்.