கப்பில் வாங்கிய செடி கரைந்தால் பிடுங்கி எறியாதீர்கள்

போன தை மாதம் ஹட்டனிலிருந்து ஒரு தம்பி வந்து பொலித்தீன் பையொன்றை என் மேசையில் வைத்தார். "அக்கா, நீங்க குடுத்த செடி பத்தே நாள்ல அழுகிப் போச்சு." உள்ளே கிரிப்டோகொரைன் வென்டியை என்ற மீன் தொட்டிச் செடி. இலையெல்லாம் வெளிறி, தொட்டால் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. கழுவிவிட்டு அடிக்கிழங்கை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது; வேரும் வெள்ளை. உயிருள்ள செடியைத்தான் பிடுங்கிக் கொண்டுவந்திருக்கிறார்.

மீன் தொட்டிக்கான செடிகளை இழைய வளர்ப்பில், அதாவது சிறு செடித் துண்டை மூடிய கப்புக்குள் கிருமியில்லாமல் வளர்த்து, உருவாக்கிக் கொடுப்பது என் தொழில். கப்புக்குள் அந்தச் செடி தண்ணீருக்கடியில் வளர்வதில்லை. ஈரக் காற்றில், அகார் ஜெலியின் மேல் வளர்கிறது. ஜெலியில் வழக்கமாக லீற்றருக்கு 30 கிராம் சீனி சேர்ப்போம். நத்தை முட்டையோ பாசியோ ஒட்டிவராது என்பதுதான் கப் செடியின் பெரிய நன்மை. ஆனால் காற்றில் வளர்ந்த அந்த மெல்லிய இலைகள் தண்ணீருக்குள் தாக்குப்பிடிக்காது. செடி அவற்றை உதிர்த்துவிட்டு, தண்ணீருக்கேற்ற புது இலை விடும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மொட்டைக் குச்சியாய் நிற்கும்போது யாராவது அதைப் பிடுங்குகிறோமா?

நட முன்னர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஜெலியை முழுதாகக் கழுவுங்கள். வேருக்குள் துளி நின்றாலும் அந்தச் சீனியில் நுண்ணங்கிகள் பெருகி வேரை அழுகவைக்கும். கொத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, குருத்து மண்ணுக்கு மேலே தெரிய நடுங்கள். முதல் இரண்டு வாரம் விளக்கு ஆறு மணித்தியாலம் போதும். ஒரு மாதம் வரை பிடுங்கிப் பார்க்க வேண்டாம். கரைந்த இலையை மட்டும் நறுக்கி எடுங்கள்.

நம் குளிரையும் யோசிக்க வேண்டும். நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் புல்லில் உறைபனி விழும். ஹீட்டர் இல்லாத தொட்டியில் தண்ணீர் சட்டென்று குளிர்ந்துவிடும். வென்டியை இலங்கைக்கே உரிய செடிதான். ஆனால் குளிர் மலையின் செடி அல்ல. வெப்பம் திடீரென மாறினாலே இலையைக் கொட்டிவிடும். ஹீட்டரை 24 பாகையில் வையுங்கள். ஹீட்டர் வாங்க வசதியில்லையென்றால் அனுபியாஸ் அல்லது ஜாவா ஃபர்னை எடுங்கள். மெதுவாக வளர்ந்தாலும் நிலைக்கும். இரண்டையும் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும். இங்கே பலரும் வளர்க்கும் தங்கமீன், தளதளவென்ற செடியைத் தின்று தீர்க்கும். அனுபியாஸின் தடித்த இலையை அவ்வளவாகத் தொடாது.

ஓடையில் இருக்கும் கிரிப்டோகொரைனைப் பிடுங்கி வந்து தொட்டியில் வைக்காதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும்; கப்பில் எத்தனை வேண்டுமானாலும் பெருக்கித் தருகிறோம்.

தொட்டியில் மிஞ்சியதை ஓயாவில் கொட்டவும் வேண்டாம். கெசல்கமு ஓயாவில் போட்டது காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேரும். வெளியிலிருந்து வந்த ஆற்றுவாழை என்ற நீர்க்களையைக் கட்டுப்படுத்த இந்த நாட்டில் 1909இலேயே சட்டம் போட வேண்டி வந்தது. 1939இல் கொண்டுவந்த சல்வீனியா என்ற மிதக்கும் களை இன்னும் நம் குளங்களை மூடுகிறது. நம் நாட்டு கிரிப்டோகொரைன் பெக்கெற்றியை என்ற செடியே அமெரிக்காவின் டெக்ஸாஸில், சான் மார்கோஸ் ஆற்றில் பரவி, அங்குள்ளவர்கள் பிடுங்கி அகற்ற வேண்டியதாயிற்று. வேண்டாத செடியை வெயிலில் மொறுமொறுவெனக் காயவைத்து, மரக்கறிப் பாத்திக்கு உரமாகப் போடுங்கள்.